சாய்ந்த கப்பல் மீளுமா? மஹ்மூது பந்தரின் மரக்கலங்களும் முன்னோரின் தவக்குலும்



சிதம்பரத்திற்கு வடகிழக்கே, பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒன்று உண்டு. வெள்ளக் காலத்தில் கரையும். வறண்ட காலத்தில் வளரும். அச்சேவுக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்ற நம் முன்னோரின் மரக்கலங்களுள் சிறியவை இத்திட்டைத் தாண்டியே வெளியேறின. பெரியவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்று, படகுகளில் சரக்கை ஏற்றிக்கொண்டன. திட்டிற்கு உட்புறம் ஆறு குளம்போல் அடங்கிக் கிடக்கும். அங்கே எந்தக் கலமும் நிமிர்ந்தே நிற்கும். வெளியே, வங்கக் கடலின் பேரலை ஒன்று பக்கவாட்டில் அறையும்போது சாய்ந்த கலம் மீண்டு நிமிருமா, கவிழுமா? அந்த வினாவிற்கு நடுக்கடலில் விடை தேடுவதால் பயனில்லை. கரையில் இருக்கும்போதே விடை கண்டாக வேண்டும்.

நம் கடல் வாணிப வரலாற்றை எழுதுவோர், முன்னோர் எந்தெந்த நாட்டிற்குச் சென்றனர், என்னென்ன சரக்கை விற்றனர், எத்தனை பள்ளிவாசல்களை எழுப்பினர் என்பதையெல்லாம் விரிவாக எழுதியுள்ளனர். அவர்கள் எவ்வாறு மூழ்காமல் சென்றனர் என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. ‘அல்லாஹ் காப்பாற்றினான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது உண்மையே. ஆயினும் அவர்களுடைய தவக்குல் எங்கே தொடங்கியது, அதற்கு முன்பு அவர்கள் கைகளும் கண்களும் என்ன செய்தன என்பதை அறியாமல் அவ்வாறு சொல்லும்போது, அவர்களின் அறிவில் ஒரு பெரும்பகுதியை நாமே மறைத்துவிடுகிறோம்.

பரங்கிப்பேட்டையின் பெயர்களே அதன் வரலாற்றைச் சொல்லும். போர்ச்சுக்கீசியர் அதனைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம், என்றனர். பரங்கியர் குடியேறிய பேட்டையாதலால் தமிழர் பரங்கிப்பேட்டை என்றனர். முஸ்லிம் வணிகர் வழக்கில் அது மஹ்மூது பந்தர். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலை அமைத்தபோது, ஊரின் கடல் வாணிபம் பெரும்பாலும் ‘சூலியா’ என்று வெளிநாட்டார் அழைத்த தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. அந்நூற்றாண்டில் வங்கக் கடலைச் சுற்றி வந்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கில மாலுமி, தம் பயணக் குறிப்பில் சூலியாக்களைப் பற்றித் தனியே எழுதினார். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும் மசூலாப் படகையும் வரைந்தும் காட்டினார். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டளவில் எழுந்தபோது அதற்கு முன்னின்ற காதர் முஹைதீன் மரைக்காயர் இவ்வூரிலிருந்து சென்ற கப்பல் வணிகரே. மரக்கலம் என்னும் சொல்லோடு சேர்த்தே மரைக்காயர் என்னும் பெயருக்குப் பலரும் பொருள் சொல்வர்.

இனி கலத்திற்கு வருவோம்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எல்லோரும் அறிவோம். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அடியில் கனமும் அடிப்பாகத்தில் உருட்சியும் இருப்பதே காரணம். இப்போது அகலமான பலகை ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். பொம்மையைப்போல் அது எளிதில் ஆடாது. மேலே நின்றாலும் அசையாது. ஆனால் பெரிய அலை ஒருமுறை அதனைப் புரட்டிவிட்டால், புரண்ட நிலையிலும் அதே உறுதியோடு கிடக்கும். முன்னது கனத்தால் வந்த நிலைப்பு, பின்னது அகலத்தால் வந்த நிலைப்பு. துறையில் கட்டிக் கிடக்கும் கலத்தின்மேல் ஏறிப் பார்ப்பவருக்கு அகலத்தின் உறுதி மட்டுமே புலப்படும். கனத்தின் உறுதி, கலம் வெகுவாகச் சாய்ந்த பிறகே தெரியும். கரையில் நிற்பவனைக் கலம் ஏமாற்றும் இடம் இதுதான்.

நம் கடற்கரையில் இவ்விரு வகையும் இருந்தன. ஒவ்வொன்றும் அதன் வேலைக்கு ஏற்றதாகவே இருந்தது. கட்டுமரம் பலகை வகை. அதற்குள் நீர் நிரம்ப வயிறு கிடையாது, புரண்டாலும் மூழ்காது, மீனவர் நீந்திச் சென்று திருப்பிக்கொள்வர். கடலூர், தேவனாம்பட்டினம் போன்ற கரைகளில் அலையுடைப்பைக் கடக்கப் பயன்பட்ட மசூலாப் படகு வேறு வகை. ஆணியும் இல்லை, உள்ளே குறுக்குச் சட்டமும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். மணலில் மோதும்போது வளைந்துகொடுக்கும், அதனால் உடையாது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுசெல்ல அதற்கு இணை இல்லை. ஆயினும் அதில் ஏறி யாரும் அச்சே செல்வதில்லை. ‘உறுதியான படகு’ என்று பொதுவாகச் சொல்வதற்குப் பொருளில்லை. எந்த நீரில், எந்தக் காற்றில், எவ்வளவு தொலைவிற்கு என்று கேட்ட பிறகே அச்சொல் பொருள் பெறும்.

நெடுந்தூரம் செல்லும் மரக்கலம் தலையாட்டிப் பொம்மையைப்போல் இருக்க வேண்டும். ஆனால் வெள்ளாற்று மணல்திட்டு அதற்குத் தடை. நீருக்குள் ஆழமாக இறங்கும் கலம் திட்டில் தட்டும். எனவே ஆற்றுக்குள் வரவேண்டிய கலத்தின் அடிப்பகுதி ஆழமற்றதாக இருந்தாக வேண்டும். தச்சர் கலத்தின் வடிவத்தில் தர இயலாத நிலைப்பை, சரக்கை அடுக்கும் முறையால் மாலுமி ஈட்டவேண்டியிருந்தது. முன்னோரின் திறமை முழுதும் வெளிப்பட்ட இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

சோழமண்டலத்திலிருந்து முதன்மையாகச் சென்றது துணி. மூட்டை பெரிது, கனம் குறைவு. துணியை மட்டும் ஏற்றிய கலம் நீரில் மேலெழுந்து நிற்கும். பாய் விரித்தவுடன் ஒருபுறமாகச் சாய்ந்து, மீளத் தயங்கும். எனவே அடித்தட்டில் கல்லோ மணலோ கனமான வேறு சரக்கோ முதலில் இறங்க வேண்டும். துணி அதன் மேல்தான். திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். மலாயாத் தீபகற்பத்தின் வெள்ளீயம் சிறு இடத்தில் பெருங்கனம். அதனை முழுதும் அடியில் இட்டால் ஆபத்தே இல்லை என்றுதான் நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. அளவுக்கு மிஞ்சி அடிக்கனம் உள்ள கலம், சாய்ந்த நொடியிலேயே வெடுக்கென்று நிமிரும். மறுபுறம் சாய்ந்து மீண்டும் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் பாய்மரம் முறியும், கயிறு அறும், பலகை இணைப்புகள் தளரும். ஆகவே கனத்தில் ஒரு பகுதியைச் சற்று மேலே ஏற்றிவைப்பது கப்பலோட்டிகள் எங்கும் அறிந்த முறை.

இதனை அளக்கக் கருவி தேவையில்லை; கலம் ஆடும் காலமே அளவுகோல். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து திரும்புவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று பார்த்தால் போதும். மிக விரைந்து ஆடினால் அடிக்கனம் மிகுதி. மெதுவாகச் சாய்ந்து, சாய்ந்த நிலையிலேயே சற்று நின்று, பிறகு மனமில்லாமல் நிமிர்ந்தால் மேற்கனம் மிகுதி. புதியவருக்கு இரண்டாவது கலமே சுகமாக இருக்கும், தாலாட்டுவதுபோல் ஆடும். அனுபவம் உள்ளவர் அஞ்சுவது அதற்குத்தான்.

எல்லாவற்றிலும் கடினமான சரக்கு யானை. பெகு, தெனாசரிம், கெடா, அச்சே ஆகிய இடங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் யானைகள் கப்பலேறி நம் கரைக்கு வந்தன. அவ்வாணிபத்தில் சூலியாக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு யானை ஏறத்தாழ 3 டன். அதன் உடற்கனம் முழுதும் நான்கு தூண்போன்ற கால்களின்மேல் உயரத்தில் நிற்கிறது. கலம் சாய்ந்தால் அதுவும் சாயும். அஞ்சினால் ஒருபுறமாக ஒதுங்கும். அசையாத 3 டன் ஈயமும் அசையும் 3 டன் யானையும் கப்பலுக்கு ஒன்றாகா. யானைகளோடு வங்கக் கடலைக் கடந்து வந்து கரையேறியவர்களுக்குக் கப்பலின் நிலைப்பைப் பற்றிப் புதிதாக எவரும் பாடம் சொல்லியிருக்க முடியாது!

அசையும் கனம் என்றதும் நாகூர் நினைவிற்கு வருகிறது. ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் கையிலிருந்த கண்ணாடியை எறிய, நடுக்கடலில் ஓட்டையாகித் தத்தளித்த கப்பலின் துளை அடைபட்டது என்னும் செய்தியைக் கேளாமல் நம் பகுதியில் யாரும் வளர்வதில்லை. அதனை எவ்வாறு கொள்வது என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதம் இங்கே வேண்டாம். என் கண்ணுக்குப் படுவது, அது கடலோடிகளின் மனத்தில் வேரூன்றிய செய்தி என்பதே. கப்பலுக்குள் நீர் புகுவதற்கு அவர்கள் ஏன் அவ்வளவு அஞ்சினர்? நீரின் கனத்திற்காக மட்டுமன்று. தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு ஒரு பக்கம் இறங்கிய கணமே நீர் முழுதும் அப்பக்கம் ஓடி, மேலும் இறக்கும். கப்பலின் அடியில் தேங்கும் நீரும் அவ்வாறே சாய்ந்த பக்கம் ஓடிச் சாய்வைப் பெருக்கும். மூட்டை கட்டாமல் கொட்டிய நெல்லும் அரிசியும்கூடப் பேரலையில் நீரைப்போல் ஓடும். மூட்டையாகக் கட்டுவதற்கும், இடையில் தடுப்பு வைப்பதற்கும், அடிநீரை ஓயாமல் இறைப்பதற்கும் காரணம் இதுவே.

நம் கடல்மொழியில் எவ்வளவு அரபியும் பாரசீகமும் கலந்துள்ளன என்பதையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். ‘மாலுமி’ என்பது கற்பிப்பவர் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சுக்கானும் அரபியே. நகுதாவும் பந்தரும் பாரசீகம். சொற்களோடு சேர்ந்தே அறிவும் பயணம் செய்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கடல்வழி நூல் எழுதிய அஹ்மத் இப்னு மாஜித், சோழர் கரையையும் அறிந்திருந்தார். அதனை ‘ஷூலியான்’ என்று குறிப்பிட்டார். கலம் கரையேற்றிக் கிடக்கும்போதே முஅல்லிம் அதனைச் சுற்றிப் பார்த்து, அதன் குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் மாலுமிகளுக்குக் கூறிய அறிவுரைகளுள் ஒன்று. விண்மீன்களைக் கொண்டு வழி காண்பதில் இணையற்றவர் எனப் புகழ்பெற்ற ஒருவர், கலத்தின் அடிப்பலகையைப் பார்க்கச் சொன்னார் என்பது நினைவில் நிற்க வேண்டியது.

பாயைப் பற்றியும் ஒரு சொல். காற்று பாயைத் தள்ளுவது நெம்புகோலால் நெம்புவதைப் போன்றது. பாய் எவ்வளவு உயரமோ அவ்வளவு வலிமையாகக் கலத்தைச் சாய்க்கும். காற்று மிகும்போது பெரிய பாயை இறக்கிச் சிறியதை ஏற்றுவதும், கடைசியில் பாயே இல்லாமல் ஓடுவதும் இதனால்தான். தெற்கே பாக் நீரிணைப் பகுதியில் மற்றொரு உத்தி இருந்தது. படகின் குறுக்கே நீண்ட பலகையைக் கட்டி, காற்று வீசும் பக்கத்து நுனியில் ஆட்கள் ஏறி அமர்ந்து சாய்வைத் தடுப்பர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இதனை விவரித்துள்ளார். இன்று ஐரோப்பியர் பந்தயப் படகுகளில் வெளியே சாய்ந்து அமர்வதும் இதே கணக்குத்தான்.

இவ்வளவும் அறிந்தவர்களே, ஐப்பசியின் நடுவிலிருந்து மார்கழி வரை சோழமண்டலக் கடலில் இறங்கத் தயங்கினர். வாடைக்காற்றோடு புயல் வரும் பருவம் அது. ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில் அந்நாட்களில் கப்பல்கள் நிற்பதில்லை. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்களும் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ சென்றுவிடும். கலத்தின் நிலைப்பு ஒரு காப்பு. பருவத்தை அறிந்து கரையில் இருப்பது அதனினும் பெரிய காப்பு. ஆனால் பருவம் தவறியும் புயல் வரும். அதற்குச் சான்று நம் கடலூரிலேயே உள்ளது.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடமிருந்து விலைக்குப் பெற்றனர். 1749 ஏப்ரலில் அட்மிரல் பாஸ்கவனின் கப்பற்படையில் ஒரு பகுதி அதன் முன் கடலில் நின்றது. ஏப்ரல் நடுவில் திடீரெனப் புயல் எழுந்தது. பாஸ்கவன் கரையில் இருந்தார். அவருடைய கொடிக்கப்பலான நாமூர் கடலில் இருந்தது. அக்கப்பல் அழிந்தது, அதிலிருந்தோரில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெம்புரோக் என்னும் மற்றொரு போர்க்கப்பல் தெற்கே அடித்துச் செல்லப்பட்டு, சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டில் சிதைந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறக்க, பத்துப் பன்னிருவரே பிழைத்தனர். அப்பல்லோ என்னும் மருத்துவக் கப்பலும் மூழ்கியது. தேவிக்கோட்டையைத் தாக்கப் பரங்கிப்பேட்டை அருகே பாசறையிட்டிருந்த கம்பெனிப் படையின் கூடாரங்களும் அதே புயலில் சிதறின.

நாமூர் சிறிய கலமன்று. முதலில் 90 பீரங்கிகள் கொண்டிருந்தது. 1745இல் மேற்பாரத்தைக் குறைத்து 74 பீரங்கிக் கப்பலாக மாற்றப்பட்டது. பீரங்கி என்பது இரும்புக் கனம். அதனைத் தட்டுத் தட்டாக நீர்மட்டத்திற்கு மேலே அடுக்கிய கப்பல்களே அக்காலப் போர்க்கப்பல்கள். புயலில் அவற்றின் மாலுமிகள் கடைசி முயற்சியாகக் கோடரி எடுத்துப் பாய்மரத்தையே வெட்டிச் சாய்ப்பர்; மேற்கனம் குறைந்தால் கலம் மீளும் என்னும் நம்பிக்கை. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியின் முன்னே வீசிய புயலிலும் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பல அழிந்து ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் வலிய கடற்படை என்று பெயர் பெற்றதைக் கடல் பொருட்படுத்தவில்லை.

மேற்கத்திய அறிவியல் இதனைக் கணக்காக எழுதத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம்தான். அதற்கு முன்பு அங்கும் கண்மதிப்பே. 1628இல் சுவீடன் மன்னர் கட்டிய வாசா என்னும் கப்பலைச் சோதிக்க, முப்பது பேரைத் தளத்தில் இப்புறமும் அப்புறமுமாக ஓடவிட்டனர். மூன்று முறை ஓடியதும் கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அஞ்சிச் சோதனையை நிறுத்தினர்; பயணத்தை நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 10 அன்று புறப்பட்ட கப்பல், துறைமுகத்தைவிட்டு 1300 மீட்டர் அளவே சென்று கவிழ்ந்தது. தெரியாமல் மூழ்கியவர்களைவிடத் தெரிந்தும் சொல்லத் துணியாமல் மூழ்கியவர்களின் கதை இது.

நாமூர் அழிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1746இல், பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் தம் கப்பல் நூலில் இதன் கணிதத்தை விளக்கினார். எளிதாகச் சொன்னால் இதுதான்: கலம் சாயும்போது நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறி, நீரின் மேல்நோக்கிய உந்துதல் சாய்ந்த பக்கம் நகர்கிறது. கலத்தின் கனமோ இருந்த இடத்திலேயே கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே உண்டாகும் தூரமே கலத்தை நிமிர்த்தும் கை. சாய்வு கூடக் கூட அக்கை முதலில் நீளும், பிறகு குறையும், ஒரு கோணத்தில் இல்லாமலே போகும். அந்தக் கோணத்தைத் தாண்டிய கலம் மீளாது. கனம் எவ்வளவு கீழே உள்ளதோ, அக்கோணம் அவ்வளவு தள்ளிப்போகும்.

இக்கணக்கை அறிந்த பிறகும் மனிதன் மறந்தான். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திற்கும் அயர்லாந்திற்கும் இடையே நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் சிக்கிப் போட்டியாளர் 15 பேர் இறந்தனர். விரைவிற்காக அகலமாகவும் இலேசாகவும் கட்டிய படகுகள் சில, புரண்டதும் நம் பலகையைப்போல் தலைகீழாகவே கிடந்தன. அதன் பிறகே நெடுங்கடல் செல்லும் பாய்ப்படகுகளுக்கு விதிகள் இறுகின. மாகடலுக்கு உரியது என்று சான்று பெறும் பாய்ப்படகு குறைந்தது 100 பாகை சாய்ந்தாலும், அதாவது பாய்மரம் நீரில் படிந்து அதற்கும் கீழே சென்றாலும், மீளவேண்டும் என்பது இன்றைய பன்னாட்டுத் தரம். படகின் அகலத்தை அது விலக்கும் நீரின் கன அளவின் கனமூலத்தால் வகுத்து, விடை 2க்குக் குறைவாக உள்ளதா என்று பார்க்கும் எளிய வழியும் அப்போது வந்ததே. நல்ல வழிதான், ஆனால் சரக்கு எங்கே அடுக்கப்பட்டுள்ளது என்பதை அந்தக் கணக்கு அறியாது. யானை ஏற்றியவர்கள் அதில் நிறைவு கொண்டிருக்கமாட்டார்கள்.

இனி, நம் மார்க்கம் இதனை எவ்வாறு பார்த்தது என்பதற்கு வருகிறேன். நூஹ் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் பெயரால் கப்பல் ஓடுவதையும் நிற்பதையும் குறித்து மொழிந்த சொற்கள் சூரா ஹூதில் உள்ளன. கடற்பயணத்தில் நாம் ஓதும் துஆவும் அதுவே. அவை எப்போது மொழியப்பட்டன என்பதைப் பாருங்கள். இறைவன் அறிவித்தபடி கப்பலைக் கட்டி முடித்த பிறகு, ஏற்ற வேண்டியவற்றை இணை இணையாக ஏற்றும் வேளையில். யூனுஸ் (அலை) அவர்களின் நிகழ்வில் திருக்குர்ஆன் அக்கப்பலை நிரம்பிய கப்பல் என்றே குறிக்கிறது. சீட்டுக் குலுக்கல் அதன் பின்னரே வருகிறது. கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருப்போரை உவமையாக்கி, கீழே இருப்போர் தண்ணீருக்காகத் துளையிட முனைந்தால் மேலே இருப்போர் தடுக்காவிடில் எல்லோரும் அழிவர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் புகாரியில் உள்ளது. அதனைச் சமுதாய ஒழுக்கத்திற்கு உவமையாகவே கொள்கிறோம். கடலோடி அதனை நேர்ப்பொருளிலும் கேட்டிருப்பான்.

ஃபிக்ஹு நூலோர் உவமையோடு நிற்கவில்லை. 1058இல் மறைந்த இமாம் மாவர்தி, ஆட்சி முறை பற்றிய தம் நூலில் முஹ்தஸிபின் கடமைகளைச் சொல்லும்போது, கப்பல் தாங்காத அளவு ஏற்றுவதையும் கடுங்காற்றில் புறப்படுவதையும் தடுக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு என்கிறார். சந்தையில் எடைக்கல்லைச் சோதிக்கும் அதே அதிகாரி, துறையில் கப்பலின் பாரத்தையும் பார்க்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் அல்கினானி எழுதிய கப்பல் வாடகை பற்றிய சட்டநூல், புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால் இழப்பை யார் யார் எவ்வாறு பங்கிடுவது என்று ஆராய்கிறது. நம் முன்னோர் சென்றிறங்கிய மலாக்காவின் கடற்சட்டமும், சரக்கை எறிவதற்கு முன் நகுதா கப்பலில் உள்ளோரைக் கூட்டிக் கலந்து பேச வேண்டும் என்கிறது. இழப்பை யார் ஏற்பது என்று சட்டம் கேட்கும். மேலே இருப்பது எது என்று கப்பல் கேட்கும். இரண்டிற்கும் ஒரே நேரத்தில், புயலின் நடுவே, விடை சொல்ல வேண்டியவர் நகுதா. சரக்கின் மேல் பற்று வைத்த நகுதாவால் அது முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தன; பினாங்கு, சிங்கப்பூர் பயணங்கள் அவற்றிற்கு மாறின. வெள்ளாற்றில் நெடுங்கடல் மரக்கலங்கள் குறைந்து மறைந்தன. அத்தோடு அறிவும் நம் கையைவிட்டுச் சென்றது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் 2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தானூரில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். மீன்பிடிப் படகை இரண்டடுக்கு உல்லாசப் படகாக மாற்றி, தாங்கும் அளவிற்கு மேல் ஆட்களை ஏற்றி, மாலைப்பொழுதில் ஓட்டினர். 22 பேர் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள், ஒரே முஸ்லிம் குடும்பத்தில் மட்டும் 11 பேர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 45 பேரை விழுங்கிய படகிலும், விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாக ஒதுங்கியது பேசப்பட்டது. யானைக்கு அஞ்சிக் கலத்தை அடுக்கியவர்களின் சந்ததியர் நாம். யானையைப் பார்க்க ஒருபுறம் கூடுகிறோம்.

பெருநாள் விடுமுறைகளில் நம் குடும்பங்கள் பல பிச்சாவரம் செல்கின்றன. வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, சுரபுன்னைக் காட்டின் ஊடே செல்லும் வாய்க்கால்களில் படகுச் சவாரி. பெம்புரோக் சிதைந்த திட்டு அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. பொதுவாக ஆழமில்லாத, அலையில்லாத நீர்தான். ஆயினும் பிள்ளைகள் கைப்பேசியோடு ஒரே விளிம்பிற்கு ஓடும்போது படகு சாய்கிறது. துடுப்பு வலிப்பவர் முகம் மாறுகிறது. காப்பு உடையின் வாரைக் கட்டச் சொல்லி, கனத்த பையை மடியிலிருந்து வாங்கி அடித்தட்டில் வைத்து, உடல் பருத்த பெரியவரை நடுப்பலகையில் அமர்த்தி, இருபுறமும் ஒருமுறை பார்த்த பிறகே அவர் துடுப்பை நீரில் இடுகிறார்.